18,000 ரூபா குடுத்து வாங்கின ரேங்க் லிஸ்ட்: ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி ரிவ்யூ, 5-க்கு 2

இந்த ரிவ்யூவை 2024-லயே எழுதியிருக்கணும், அப்போ கோவத்துல இருந்தேன், கோவத்துல எழுதினா நியாயமா இருக்காதுன்னு விட்டுட்டேன். இப்போ பொண்ணு செகண்ட் இயர் போயாச்சு, நானும் ஆறிட்டேன். கன்சல்டன்சி பேரு போடல. பெங்களூர்ல கோரமங்களா, ஜெயநகர், இந்திராநகர்னு எங்க பார்த்தாலும் இதே மாதிரி ஆபீஸ்தான் இருக்கு, ஒருத்தர் பேரைப் போட்டு இன்னொருத்தர் நல்லவர்னு ஆகிடக்கூடாது.

நான் அல்சூர்ல இருக்கேன், பீன்யாவுல ஒரு மெஷின் ஷாப்ல குவாலிட்டில 22 வருஷமா வேலை. மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ் இதுங்கதான் என் சோறு. பொண்ணு 2024-ல செகண்ட் பியுசி (நம்ம பிளஸ் டூ) முடிச்சா. அந்த வருஷம் சிஇடி, அதாவது கர்நாடகா இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு, எழுதின வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், சிலபஸ்லயே இல்லாத கேள்வியெல்லாம் வந்து பசங்க அழுதுகிட்டு வெளிய வந்து, கடைசில 50 கேள்வியை கணக்குல எடுக்காம ரிசல்ட் விட்டாங்க. ரேங்க் வந்தப்ப இது நல்ல ரேங்கா சுமாரான்னு கூட எங்களுக்குப் புரியல. வீட்ல ஒரே குழப்பம். அப்பதான் என் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவோட அண்ணன், "அத்தான், 15, 20 ஆயிரம் போனா போகுது, ஒரு கன்சல்டன்ட்டைப் பாருங்க, பொண்ணு எதிர்காலம்"னு சொன்னாரு.

போனோம். 18,000 ரூபா பேக்கேஜ். மூணு சிட்டிங், ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட், பத்து காலேஜ் ஷார்ட் லிஸ்ட், கேஇஏ (சிஇடி நடத்தி சீட்டு குடுக்கிற கர்நாடகா அரசு அமைப்பு) சைட்ல வேணுங்கற காலேஜை வரிசையா போடற ஆப்ஷன் என்ட்ரிக்கு கூட உக்காந்து ஹெல்ப் பண்றது, இதுதான் பேக்கேஜ். ஆபீஸ் சுத்தமா இருந்துச்சு, வெயிட் பண்றப்போ காபி குடுத்தாங்க, சுவர் பூரா காலேஜ் லோகோ.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். எங்களுக்குக் குடுத்த கவுன்சிலர் பையன் கோலார் தங்கவயல்காரன், தமிழ்ல பேசினான், அவசரமே படல. கர்நாடகால ஏழு வருஷம் படிச்ச சர்டிஃபிகேட்டுக்கு எந்த ஆபீஸ்ல சீல் வாங்கணும், ஜாதி, வருமான சான்றிதழ்ல இருக்கிற ஆர்டி நம்பர் கேஇஏ சைட்ல ஏன் மேட்ச் ஆகணும், மாக் அலாட்மென்ட், அதாவது ஒத்திகை சீட் லிஸ்ட், வந்ததும் ஆப்ஷன் வரிசையை எப்படி மாத்தணும், சாய்ஸ் 1 (வந்த சீட்டையே எடுத்துக்கறது) குடுத்தா என்ன ஆகும் சாய்ஸ் 2 (வந்த சீட்டை வச்சுக்கிட்டே இன்னும் மேல இருக்கிறதுக்கு அடுத்த ரவுண்டு பாக்கறது) குடுத்தா என்ன ஆகும், இதெல்லாம் ஒரு பேப்பர்ல படம் போட்டுச் சொல்லிக்குடுத்தான். என் வீட்டுக்காரம்மா மூணு தடவை ஒரே சந்தேகத்தைக் கேட்டாங்க, மூணு தடவையும் முகம் சுளிக்காம பதில் சொன்னான். நான் போட்ட ரெண்டு ஸ்டாரும் அந்தப் பையனுக்குத்தான். தம்பி, எங்க இருந்தாலும் நல்லா இருப்பா.

பிரச்சனை ரெண்டாவது சிட்டிங்ல ஆரம்பிச்சுது. அதுக்கு அந்தப் பையன் இல்ல, மேடம் ஒருத்தங்க, சீனியராம். ஷார்ட் லிஸ்ட்னு ஒரு கலர் பிரின்ட் குடுத்தாங்க. பத்து காலேஜ், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல என்ஐஆர்எஃப் ரேங்க் (மத்திய அரசு காலேஜுங்களுக்குப் போடற ரேங்க்), நாக் கிரேடு (காலேஜை நேர்ல ஆய்வு பண்ணி நாக்-ங்கற அமைப்பு குடுக்கிற தர கிரேடு), ஹையஸ்ட் பேக்கேஜ் (அங்க படிச்ச ஒருத்தருக்குக் கிடைச்ச அதிகபட்ச சம்பளம்). அவ்ளோதான். என் பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் வேணும்னு முதல் சிட்டிங்லயே சொன்னா, ஏன்னா ஒன்பதாவதுல இருந்து ரேடியோ, பழைய ஸ்பீக்கர்னு எதையாவது பிரிச்சுக்கிட்டே இருப்பா. லிஸ்ட்ல முதல் மூணுல ரெண்டு ஏஐ அண்ட் எம்எல் பிரான்ச். முதல் இடத்துல இருந்தது ஊருக்கு வெளிய இருக்கிற ஒரு டீம்ட் யூனிவர்சிட்டி, கேஇஏ இல்லாம நேரா பணம் கட்டிச் சேர்ற டைரக்ட் சீட், ஃபீஸ் மட்டும் நாலு வருஷத்துக்கு 12 லட்சம், ஹாஸ்டல் தனி. "சார், ரேங்க் பாருங்க, இந்த ரேங்க்ல இருக்கிற காலேஜ் உங்க சிஇடி ரேங்க்குக்கு கேஇஏ மூலமா கனவுல கூட கிடைக்காது, ரெண்டு நாள்ல சீட் பிளாக் பண்ணிடுங்க"ன்னாங்க.

பஸ்ல வர்றப்போ வீட்டுக்காரம்மா கைல இருந்த வளையலைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே, "என்னங்க, பேர் இருக்கிற இடத்துல படிச்சா நாளைக்கு எங்க போனாலும் மரியாதை. நம்ம கிட்ட வேற என்ன இருக்கு குடுக்க"ன்னாங்க. அந்தப் பேச்சுக்கு என்கிட்ட பதில் இல்ல. பேர் வேண்டாம்னு சொல்ற நிலைமைல நாங்க இல்ல. அப்பா தாத்தா எல்லாம் இந்த ஊருக்கு வந்து மில்லுலயும் ஃபேக்டரிலயும் வேலை செஞ்சவங்க, எங்க குடும்பத்துல முதல் இன்ஜினியர் என் பொண்ணுதான். பேரோட அருமை எங்களுக்குத்தான் ரொம்பத் தெரியும்.

ஆனா என் தொழில் என்னை விடல. யாராவது வந்து இந்த ஷாஃப்ட் 25.02-ன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது, எதுல அளந்த, அது எப்போ காலிப்ரேட் ஆச்சு, அதாவது சரியா அளக்குதான்னு எப்போ சோதிச்சாங்க, லீஸ்ட் கவுண்ட், அதாவது அதால அளக்க முடியிற ரொம்பச் சின்ன அளவு, என்ன. மேடம் கிட்டயும் அதையேதான் கேட்டேன், இந்த ரேங்க் எதை அளக்குது மேடம்? "கவர்மென்ட் ரேங்கிங் சார்"னு சொன்னாங்க. யார் அளந்தாங்கன்னு சொல்லிட்டாங்க, எதை அளந்தாங்கன்னு சொல்லவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி பொண்ணும் நானும் உக்காந்து என்ஐஆர்எஃப் சைட்டையே திறந்து படிச்சோம். எல்லாம் அங்கயே எழுதி இருக்கு, யாரும் மறைக்கல. அந்த வகைல அது நல்ல விஷயம். மத்திய அரசு 2015-ல ஆரம்பிச்சது, முதல் லிஸ்ட் 2016-ல வந்துச்சு. இன்ஜினியரிங்குக்கு 100 மார்க்கை அஞ்சாப் பிரிச்சிருக்காங்க. டீச்சிங், வசதி, வாத்தியார் எண்ணிக்கை, எவ்ளோ செலவு பண்றாங்க, இதுக்கு 30. ரிசர்ச்சுக்கு 30, அதாவது எத்தனை பேப்பர், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்க, பேட்டன்ட், ப்ராஜெக்ட் பணம். படிச்சு முடிச்சவங்க என்ன ஆனாங்கங்கறதுக்கு 20. வேற மாநிலப் பசங்க, பொண்ணுங்க, வசதி இல்லாத பசங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு ராம்ப், லிஃப்ட் இதுக்கு 10. கடைசி 10 பர்செப்ஷன், கம்பெனிக்காரங்க கிட்டயும் வேற காலேஜ் புரொஃபசர்ங்க கிட்டயும் அந்தக் காலேஜ் எப்படின்னு கேக்கறது.

பொண்ணு டக்குனு ஒண்ணு கேட்டா. "அப்பா, ரிசர்ச்சுக்கு 30 மார்க்கு, வேலைக்குப் போனவங்களுக்கு 20 தானா?" நான் அதை யோசிக்கவே இல்ல. ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடத்துல, இன்ஜினியரிங்ல 2016-ல இருந்தே முதல் இடத்துல இருக்காங்க, ரிசர்ச் பண்றவரே வந்து பி.டெக் பசங்களுக்கும் கிளாஸ் எடுப்பாரு, அங்க அந்த 30 மார்க்குக்கு அர்த்தம் இருக்கு. நம்ம ரேங்க்குக்கு கிடைக்கிற காலேஜ்ல பேப்பர் எழுதறதுக்கே ஒரு தனி டீம் இருந்தா, ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு பேசிக் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கறது போன மாசம் சேர்ந்த எம்.டெக் பையனா இருந்தா, அந்த 30-ல என் பொண்ணுக்கு என்ன வந்துச்சு சொல்லுங்க.

அடுத்தது லீஸ்ட் கவுண்ட் மேட்டர், இது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. லிஸ்ட்ல மேல, முதல் பத்துல பல இடத்துல ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நல்ல இடைவெளி இருக்கு. கீழ 80, 90 பக்கம் வந்துட்டா பாயின்ட்டுக்குப் பின்னாடி வர்ற நம்பர்லதான் ஒரு காலேஜ் இன்னொண்ணைத் தாண்டுது. 100-க்கு மேல அவங்களே வரிசை போடறதில்ல, 101-150, 151-200-னு கூட்டமா போட்டுடறாங்க. என் ஷாப்ல இவ்ளோ சின்ன வித்தியாசத்தை வச்சு ஒரு பீஸை ஓகே, ஒரு பீஸை ரிஜெக்ட்னு சொன்னா சூப்பர்வைசர் என்னை வெளிய அனுப்பிடுவாரு, ஏன்னா அந்த வித்தியாசம் பீஸ்ல இருக்கா அளக்கிற கைல இருக்கான்னே சொல்ல முடியாது. அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு கேஇஏ சீட்டை விட எட்டு லட்சம் எக்ஸ்ட்ரா குடுன்னுதான் அந்த மேடம் சொன்னாங்க.

டைமும் பாருங்க. நாங்க 2024 ஜூன்ல உக்காந்தப்போ கைல இருந்தது 2023 லிஸ்ட். அதுல இருக்கிற வேலைவாய்ப்புக் கணக்கு 2021-22 வரைக்கும் படிச்சு முடிச்சவங்களோடது. அவங்க காலேஜ்ல சேர்ந்தது 2018. என் பொண்ணு வெளிய வரப்போறது 2028. அந்தப் பத்து வருஷத்துல அந்தக் காலேஜே வேற காலேஜ் ஆகியிருக்கும். ஒரு கோர்ஸ்க்கு இத்தனை சீட்டுக்கு மேல கூடாதுன்னு இருந்த உச்சவரம்பை 2024-ல ஏஐசிடிஇ, அதாவது இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்கிற மத்திய அமைப்பு, எடுத்துடுச்சு, அதுக்கப்புறம் பெங்களூர்ல கம்ப்யூட்டர் பிரான்ச்ல சீட்டு மளமளன்னு ஏறுச்சு, வாத்தியார் அதே வேகத்துல எங்க இருந்து வருவாங்க?

இன்னொண்ணு, இந்த டேட்டா எல்லாம் காலேஜ்காரங்களே எழுதிக் குடுக்கறது. இதைப் பத்தி நம்ம ஊர்லயே கேஸ் நடந்திருக்கு. 2025 மார்ச்ல மதுரை ஹைகோர்ட் கிளைல ஒருத்தர் பொதுநல வழக்கு போட்டு, சரிபார்க்காத டேட்டாவை வச்சு ரேங்க் விடறாங்கன்னு சொல்லி, அந்த வருஷ லிஸ்ட்டுக்கே கொஞ்ச நாள் இடைக்காலத் தடை இருந்துச்சு, அப்புறம்தான் செப்டம்பர்ல வந்துச்சு. நாக் கிரேடும் அப்படித்தான். நாக் ஆபீஸ் நம்ம பெங்களூர் நாகரபாவிலதான் இருக்கு, 1994-ல இருந்து நடக்குது. 2025 பிப்ரவரில நல்ல கிரேடுக்கு லஞ்சம்னு சிபிஐ ஆய்வுக் குழுல இருந்தவங்களையே கைது பண்ணாங்க. அதுக்காக எல்லா ஏ ப்ளஸ் ப்ளஸ்ஸும் பொய்னு சொல்லல, அந்த மூணு எழுத்தைப் பார்த்துட்டு கண்ணை மூடிக்கிட்டு பணம் கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

வெளிநாட்லயும் இதே கதைதான்னு மச்சானோட பையன் சொன்னான், அவன் நியூஜெர்சில இருக்கான். கொலம்பியா யூனிவர்சிட்டி அமெரிக்கா லிஸ்ட்ல ரெண்டாவது இடத்துல இருந்துச்சாம், அங்கயே மேத்ஸ் சொல்லிக்குடுக்கிற மைக்கேல் தடியஸ்ங்கற புரொஃபசர், நம்ம யூனிவர்சிட்டி குடுத்த கணக்கு தப்புன்னு 2022-ல ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினாரு, அதே வருஷம் ரெண்டுல இருந்து பதினெட்டுக்குப் போயிடுச்சு. ஒரே வருஷத்துல காலேஜ் என்ன கெட்டுப்போச்சு? அதே வாத்தியார், அதே கிளாஸ் ரூம். நம்ம ஐஐடிங்க ஏழு பேரு 2020-ல ஒரு உலக ரேங்கிங்ல, எப்படி மார்க் போடறீங்கன்னு தெளிவா இல்லன்னு சொல்லி கலந்துக்கவே மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இதெல்லாம் படிச்சப்போ எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு, கேள்வி கேக்கறதுல தப்பே இல்லன்னு.

சரி, அப்போ எதைப் பாக்கறது? ரேங்க்கை விட ரேங்க்குக்காக அவங்க குடுத்த ஷீட்டைப் பாருங்க. அந்த பிடிஎஃப் காலேஜ் வெப்சைட்லயே இருக்கும், என்ஐஆர்எஃப்னு ஒரு மூலைல லிங்க் இருக்கும். நம்மள மாதிரி ஆளுக்கு அதுதான் புதையல். எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் நாலு வருஷத்துல முடிச்சாங்க, அதுல எத்தனை பேர் வேலைக்குப் போனாங்க, எத்தனை பேர் மேல படிக்கப் போனாங்க, மீடியன் சம்பளம் எவ்ளோ, எல்லாம் இருக்கும். மீடியன்னா சம்பளத்தை வரிசையா அடுக்கி நடுவுல நிக்கிற பையனுக்கு எவ்ளோங்கறது. ஹோர்டிங்ல போடற ஹையஸ்ட் பேக்கேஜ் ஒரே ஒரு பையனோடது, நம்ம புள்ள நடுவுல நிக்கிற வாய்ப்புதான் ஜாஸ்தி. மேடம் லிஸ்ட்ல முதல் இடம் பிடிச்ச யூனிவர்சிட்டிலயும், லிஸ்ட்லயே இல்லாத, கேஇஏ மூலமா எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கக்கூடிய பழைய ஆட்டோனமஸ் காலேஜ்லயும் நாங்க இதை எடுத்துப் பார்த்தோம். ஹையஸ்ட் பேக்கேஜ்ல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மீடியன்ல கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல.

அந்த ஷீட்ல வாத்தியார் லிஸ்ட்டும் இருக்கும், என்ன படிச்சிருக்காங்க, எத்தனை மாசம் அனுபவம், எப்போ சேர்ந்தாங்க. பொண்ணு ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணிக்கிட்டே வந்தா. பெரிய யூனிவர்சிட்டில பக்கம் பக்கமா போன ரெண்டு வருஷத்துல சேர்ந்தவங்க. பழைய காலேஜ்ல பதினஞ்சு வருஷம், இருபது வருஷம்னு நிறைய பேர் அங்கயே இருக்காங்க. பிரான்ச்சுக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்கான்னும் பார்த்தோம், நாக் மொத்தக் காலேஜுக்குக் குடுக்கறது, என்பிஏ தனித்தனி கோர்ஸுக்கு, அது எனக்கு இன்னும் கிட்டத்துல இருக்கிற அளவு.

அப்புறம் நேர்ல போனோம். இதை எந்த கன்சல்டன்டும் சொல்லல, நான் கேட்டப்போ கூட, "கேம்பஸ் விசிட் வேண்டாம் சார், வீடியோ டூர் அனுப்பறோம்"னாங்க. யூனிவர்சிட்டிக்கு அல்சூர்ல இருந்து ஒரு சைடு ரெண்டேகால் மணி நேரம். கேட்டு, ஃபவுன்டன், கண்ணாடி பில்டிங், உண்மையாவே அழகு. எலக்ட்ரானிக்ஸ் லேப் காட்டுங்கன்னேன், அட்மிஷன் ஆபீஸ் பையன் கொஞ்சம் யோசிச்சு சாவி வாங்கிட்டு வந்து திறந்தான். வரிசையா புது டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப், மின் சிக்னலை ஸ்கிரீன்ல அலையா காட்டற மெஷின். பாதிக்கு மேல ஸ்கிரீன்ல ஒட்டி வர்ற பிளாஸ்டிக் பேப்பரே உரிக்கல. ப்ரோப் எல்லாம் பாலிதீன் கவர்லயே சுருட்டி இருந்துச்சு. காலிப்ரேஷன் ஸ்டிக்கர் எங்கயாவது ஒட்டி இருக்கான்னு குனிஞ்சு தேடினேன், ஒண்ணு கூட இல்ல. ஜூன் மாசம், லீவு, சரி. ஆனா அந்த பேப்பர் ஒரு வருஷமாவது அங்க இருந்த பேப்பர், ஓரத்துல தூசு கோடு போட்டிருந்துச்சு.

பழைய காலேஜ் லேப் பார்க்க ஒண்ணும் இல்ல. சுவர்ல பெயின்ட் உரிஞ்சிருக்கு, ஒரு ஃபேன் ஓடல. மேஜைல நிறைய பழைய சிஆர்ஓ, அதாவது பழைய மாடல் ஆஸிலாஸ்கோப். கிட்ட போய்ப் பார்த்தேன், வோல்ட்ஸ் பெர் டிவிஷன் நாப்பைச் சுத்தி இருக்கிற நம்பர் எல்லாம் தேய்ஞ்சு அழிஞ்சு போயிருக்கு, யாரோ மார்க்கர் பேனாவுல திரும்ப எழுதி வச்சிருக்காங்க, அதுவும் பாதி தேய்ஞ்சிருக்கு. எத்தனை பசங்க கை பட்டிருக்கணும். எல்லா மெஷின்லயும் ஸ்டிக்கர், அடுத்த காலிப்ரேஷன் தேதியோட. அங்க இருந்த லேப் இன்ஸ்ட்ரக்டர் வயசானவரு, நான் ஸ்டிக்கரைப் பாக்கறதைப் பார்த்துட்டு, "நீங்க எந்த ஃபேக்டரி சார்?"னு கன்னடத்துல கேட்டாரு. ஒரு கிட்டுக்கு எத்தனை பேருன்னு கேட்டேன். "ரெண்டு, சில பேட்ச் மூணு, மூணுக்கு மேல விடமாட்டேன்"னாரு. என் பொண்ணு அந்த நாப்பைப் புடிச்சுத் திருப்பிப் பார்த்தா, "டக்கு டக்குன்னு உக்காருதுப்பா"ன்னா. அவ்ளோதான், அவ முடிவு பண்ணிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

இப்போ, பேரே முக்கியம் இல்லன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க, அது பொய். எங்க அக்கா பையன் சின்ன காலேஜ்ல படிச்சான், நல்ல பையன், வெளில வேலைக்கு அப்ளை பண்றப்போ சில கம்பெனி ஃபார்ம்ல காலேஜ் பேரைத் தேர்ந்தெடுக்கிற லிஸ்ட்ல அவன் காலேஜே இல்ல, "அதர்ஸ்"னு போட்டான், ஒரு வருஷம் அலைஞ்சான். மைசூர் ரோடு ஆர்வி, புல் டெம்பிள் ரோடு பிஎம்எஸ், கேஆர் சர்க்கிள் யுவிசிஇ, இங்கெல்லாம் கம்பெனி தானே தேடி வரும். விஸ்வேஸ்வரய்யா 1917-ல ஆரம்பிச்ச காலேஜ் அது, யுவிசிஇ, கவர்மென்ட் ஃபீஸ்ல நூறு வருஷப் பேரு. அங்க என் பொண்ணுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சிருந்தா ரேங்க் எதுவா இருந்தாலும் நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன். கட்-ஆஃப் எட்டல. அமெரிக்கால ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணி 2002-ல எழுதினாங்க, பெரிய காலேஜுக்கு அப்ளை பண்ற அளவுக்கு இருந்தும் சின்ன காலேஜ்ல படிச்சவங்க பின்னாடி சம்பாதிக்கிறதுல பெருசா வித்தியாசம் இல்லன்னு. ஆனா வசதி இல்லாத வீட்டுப் பசங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் நிஜமாவே தூக்கி விட்டுதுன்னும் அதுல இருக்கு. அந்த ரெண்டாவது வரி எங்க வீட்டுக்கானது. அதனாலதான் சொல்றேன், தொட முடியிற தூரத்துல உண்மையான பேர் இருந்தா விடாதீங்க, கடன் வாங்கியாவது போங்க. எங்களுக்குக் காட்டின 12 லட்சத்துப் பேர் அந்த மாதிரிப் பேர் இல்ல. அது ஏழெட்டு வருஷமா ஹோர்டிங்ல வளர்ந்த பேரு, பீன்யாவுல எந்த கம்பெனி எச்ஆர் கிட்ட கேட்டாலும், "ஓ அப்படியா, எங்க இருக்கு?"ன்னுதான் கேட்டாங்க. நான் நாலு பேர் கிட்ட கேட்டேன்.

மூணாவது சிட்டிங்குக்குப் போய் எங்களுக்கு அந்த சீட்டு வேண்டாம், ஆப்ஷன் என்ட்ரிக்கு மட்டும் ஹெல்ப் பண்ணுங்கன்னு சொன்னோம். மேடம் முகம் மாறிடுச்சு. "சார், அங்க சேர்ந்தா உங்க 18,000-ல 10,000 நாங்க ரிட்டர்ன் பண்றோம்"னாங்க. அப்பதான் எனக்கு விஷயம் விளங்குச்சு. நான் குடுத்த பணத்தை எனக்கே திருப்பிக் குடுக்கிற அளவுக்கு அவங்களுக்கு வேற எங்கயோ இருந்து வருது. நேரடியாவே கேட்டேன், காலேஜ்ல இருந்து உங்களுக்கு ஏதாவது வருதாம்மான்னு. "எல்லாரும் பண்றதுதான் சார், டை-அப்"னாங்க. இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் ஒரு ஸ்டார் சேர்த்துப் போட்டிருப்பேன், சத்தியமா. என்கிட்டயும் ஃபீஸ் வாங்கிட்டு அந்தப் பக்கமும் கமிஷன் வாங்கிட்டு, நடுவுல ரேங்க் பேப்பரைக் காட்டறது, அதுதான் எனக்குப் பொறுக்கல. படிக்காத ஒரு அம்மா வந்து உக்காந்தா, அந்த கலர் பிரின்ட்டைப் பார்த்து நகையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுவாங்களே. வெயிட்டிங் ஹால்ல அன்னிக்கே ஸ்ரீராம்புரத்துல இருந்து ஒரு அம்மா பையனோட வந்திருந்தாங்க, மடில பணத்தை மஞ்சப்பைல வச்சுக்கிட்டு. நான் வெளிய வந்து அவங்க கிட்ட தமிழ்ல பேசினேன், கேஇஏ ரவுண்டு முடியிற வரைக்கும் எங்கயும் பணம் கட்டாதீங்கம்மான்னு. அவங்க என்ன செஞ்சாங்கன்னு தெரியல, அந்த மஞ்சப்பை இன்னும் கண்ணுல நிக்குது.

ரீஃபண்ட் கேட்டேன், குடுக்கல. ஆப்ஷன் என்ட்ரிக்கும் ஆள் வரல. அந்தத் தங்கவயல் பையன்தான் ராத்திரி 9 மணிக்கு அவன் சொந்த போன்ல இருந்து கூப்பிட்டு, "அங்கிள், வரிசையைப் படிங்க, நான் கேக்கறேன்"னு 40 நிமிஷம் கூட இருந்தான். முதல் ரவுண்டுல கீழ வேற ஒண்ணு வந்துச்சு, சாய்ஸ் 2 குடுத்து வெயிட் பண்ணோம், அடுத்த ரவுண்டுல அந்த மார்க்கர் பேனா லேப் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சுது. நாலு வருஷத்துக்கும் சேர்த்து 12 லட்சத்துல மூணுல ஒரு பங்கு பக்கம்தான் ஆகும். வளையல் கைலயே இருக்கு.

காலேஜ் எப்படின்னு கேப்பீங்க. எல்லாம் தேன்னு சொல்ல மாட்டேன். ஃபர்ஸ்ட் செம்ல கெமிஸ்ட்ரிக்கு ரெண்டு மாசம் வாத்தியாரே மாறிக்கிட்டு இருந்தாங்க. லைப்ரரி அஞ்சரைக்கு மூடிடறாங்க. பொண்ணுங்க டாய்லெட்ல தண்ணி வரலன்னு எழுதிக்குடுத்தும் ரொம்ப நாள் ஆச்சு. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி சிலது இந்தக் காலேஜுக்கு வர்றதில்ல, அது நிஜமான குறை, அவளுக்கும் அது தெரியும், அதுக்கு இப்பவே தனியா தயார் பண்றா. ஆனா தினமும் அல்சூர் ஸ்டேஷன்ல பர்ப்பிள் லைன் புடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடறா, சாயங்காலம் வந்து தூங்காம உக்காந்து சால்டரிங் பண்ற தெம்பு இருக்கு. ரெண்டேகால் மணி நேரம் போய், ரெண்டேகால் மணி நேரம் வந்திருந்தா இந்த வீட்ல சால்டரிங் வாசனையே இருந்திருக்காது. ஹாஸ்டல்ல விட்டிருந்தா என் பணமும் இருந்திருக்காது. அந்த லேப் இன்ஸ்ட்ரக்டர் இப்போ அவளை சனிக்கிழமையும் லேப்ல உக்கார விடறாரு, ரிப்பேருக்கு வர்ற சிஆர்ஓவை பிரிச்சுப் பார்க்கச் சொல்றாரு. போன மாசம் ஒண்ணை இவளே சரி பண்ணி, புது ஸ்டிக்கர் ஒட்டின போட்டோவை எனக்கு அனுப்பினா. அதை ஷாப்ல எல்லாருக்கும் காட்டினேன்.

சர்வீஸுக்கு மார்க்: பேப்பர் வேலை சொல்லிக்குடுத்தது 5-க்கு 5. காலேஜ் தேர்ந்தெடுக்க உதவினது 5-க்கு 0, அதுல 12 லட்சம் போயிருக்கும். விலை ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா அவங்க குடுத்த நல்ல தகவல் எல்லாம் கேஇஏ சைட்லயும் மல்லேஸ்வரம் 18-வது கிராஸ் கேஇஏ ஆபீஸ்லயும் ஓசிலயே கிடைக்கும், போன வருஷ கட்-ஆஃப் பிரான்ச் வாரியா, கேட்டகிரி வாரியா அங்கயே போட்டிருக்காங்க. போறவங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி, எந்தெந்த காலேஜ் கூட டை-அப்னு எழுத்துல வாங்கிக்கோங்க. தர மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

எதிர்வீட்டு அக்கா பையன் இந்த வருஷம் சிஇடி எழுதறான். அவங்களும் அதே கன்சல்டன்சி நம்பர்தான் கேட்டாங்க, குடுக்கல. அவங்க கைல ரெண்டு காலேஜ் என்ஐஆர்எஃப் பிடிஎஃப்பை பிரின்ட் எடுத்துக் குடுத்திருக்கேன், வர்ற சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு மெக்கானிக்கல் லேபைப் பார்க்கப் போறோம், லேத்ல சிப்ஸ் கிடக்குதான்னு.